உயிர் போவாது என்று சொன்ன அக்கா

என் தொழிலில் பெயர் இல்லாமல் ஒரு வரி நகராது. தென்காசியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் பதினாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். இன்னார் மகன் இன்னார், வயது இன்னது, கதவு எண் இன்னது என்று தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடும். அந்த அக்காவின் பெயரையும் ஒருமுறை அடித்திருக்கிறேன், தகப்பனார் பெயர், ஆதார் எண் சகிதம். இங்கே அதை எழுதப் போவதில்லை. அந்த நர்சிங் ஹோமில் எல்லோரும் ஆயாம்மா என்று கூப்பிட்டார்கள். நான் அக்கா என்றேன். அதுவே இருக்கட்டும்.

பதினாறு வருடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியதற்கு எனக்குக் கிடைத்தது மூலம். வெளியே சொல்ல முடியாத நோய். கருணைக்கிழங்கு, துத்திக்கீரை, மருந்துக்கடைச் சூரணம் என்று நாலு வருடம் ஓட்டினேன். ஒரு நாள் காலையில் ரத்தத்தைப் பார்த்துத் தலைசுற்றிக் கக்கூஸிலேயே விழுந்த பிறகுதான் என் மனைவி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆடி மாதம். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது, ஊரெல்லாம் வேன்கள், எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் மட்டும் முதுகுப் பக்கம் நாடா வைத்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தேன்.

"சின்ன ஆபரேஷன்தான் சார்," என்றார் டாக்டர். அவர் போன பிறகு நர்ஸிடம் கேட்டேன், வலிக்குமா என்று. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் சார்," என்றாள் அந்தப் பிள்ளை, சிரித்துக்கொண்டே.

வாசல் பக்கம் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தார். ஐம்பது ஐம்பத்திரண்டு வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, நீலச் சேலை, காதில் கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. துடைப்பானைச் சுவரில் சாத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"வலிக்கும் தம்பி. உயிர் போற மாதிரி இருக்கும். ஆனா போவாது."

"ஆயாம்மா, ஒங்க வேலையப் பாருங்க," என்றாள் நர்ஸ்.

அவர் வேலையைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பஸ் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். "இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. முதுகுல ஊசி போட்டா காலே இருக்காது, அப்பொறம் எங்கன வலிக்க? சாயங்காலம் ஒண்ணுக்கு முட்டும், வராது. குழாயத் தொறந்து விட்டுச் சத்தத்தக் கேளு, வரும். நாளைக் காலையில உள்ள வச்ச துணிய எடுப்பாவ. அப்பம் ஒரு சத்தம் போடுவ. போட்டுக்கோ, இங்கன படுத்த எல்லாரும் போட்டதுதான். மூணாம் நாளு வெளிக்குப் போவணும். அதுதான் நெசமான ஆபரேசன் பாத்துக்கோ. டாக்டர் செய்யுதது பாதிதான்."

இந்தம்மாளை யார் வேலைக்கு வைத்தது என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். ஆனால் சாயங்காலம் சிறுநீர் முட்டியபோது எனக்கு ஞாபகம் வந்தது அவர் சொன்ன குழாய்தான். மறுநாள் காலையில் துணியை எடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மானம் கப்பலேறியது. அவர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. வெந்நீர் கொண்டுவரப் போயிருந்தார்.

உண்மை சொல்வது அவருக்குக் குணமா வியாதியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இதே வாயால் முன்பு இரண்டு ஆஸ்பத்திரியில் வேலை போயிருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு முந்தின வாரம் நடந்ததையும் அவள்தான் சொன்னாள். கடையநல்லூர் பாய் ஒருவர், சவூதியில் டிரெய்லர் ஓட்டுகிறவர், லீவில் வந்த இடத்தில் ஆபரேஷனுக்கு வந்து படுத்திருக்கிறார். அக்கா வழக்கம்போல நடக்கப் போவதை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கின மனுஷன் திரும்பவில்லை. தேடிப் போனால் ஐந்தருவியில் நிற்கிறார், கையில் ஊசி குத்திய பிளாஸ்டருடன். உடம்புச் சூடுதான் மூலம், ஒரு மணி நேரம் அருவி அடித்தால் சுருங்கிப் போகும் என்று யாரோ சொன்னார்களாம். சுருங்கவில்லை. அன்று சாயங்காலம் நடுக்கமும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்து படுத்தார்.

"நீங்க வாயத் தெறந்தா நான் ஆஸ்பத்திரிய மூடணும்," என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார்.

"ஓடுனவன் திரும்பி வந்தாம்லா டாக்டர்," என்றாராம் அக்கா. "பொய்யச் சொல்லிப் படுக்க வச்சா, எந்திச்சதும் நம்ம மொகத்தப் பாப்பானா?"

அந்த பாய் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நாளும் அக்காவைத் தவிர யாரையும் பக்கத்தில் விடவில்லையாம். நானும் அப்படித்தான் ஆனேன். வலியில் கிடக்கிறவனுக்கு ஆறுதல் எரிச்சலைத்தான் கொடுக்கும். எப்போது எது வரும் என்று சொல்கிற ஆள்தான் வேண்டும்.

ஒரு ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, "உக்காரு, பத்து நிமிசம்" என்று சொல்லிவிட்டுத் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். ஒரு நாளைக்கு மூன்று தடவை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் மனிதனாக இருந்தேன். எழுந்ததும் கேட்பார், "எப்படி வலிக்கு?"

வலிக்கிறதா என்று கேட்கவே மாட்டார். எப்படி என்றுதான் கேட்பார். வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் விடமாட்டார். "எரியுதா, காந்துதா, கீறுதா? விட்டு விட்டு வருதா, நின்னு வலிக்கா? எவ்வளவு நேரம்?" நான் வேண்டாவெறுப்பாகச் சொல்லச் சொல்ல, உதடு அசையக் கேட்டுக்கொண்டிருப்பார், கேட்டதை மனப்பாடம் செய்கிறவர் மாதிரி. அதை என் மேல் உள்ள பிரியம் என்று நினைத்தேன். என்னை இவ்வளவு விசாரித்தவர்கள் எனக்குச் சொந்தத்திலும் கிடையாது.

இன்னொன்றையும் கவனித்தேன். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாடுகூட ஜன்னல் திண்டில் டப்பாவை வைத்து நின்றுகொண்டேதான். உக்காருங்கக்கா என்றால், "உக்காந்தா எந்திக்க மனசு வராது தம்பி" என்பார். உழைக்கிற பெண் அப்படித்தான் சொல்வாள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அக்கா ஆட்டோ வரை வந்தார். "சாப்பாட்ட மட்டும் நிறுத்திராத. பயந்துக்கிட்டு எல்லாவனும் அதத்தான் செய்யுதான். சாப்புடாம இருந்தா போவாம இருக்கலாம்னு நெனப்பான். போவாம இருக்க முடியாது. கல்லாத்தான் போவும்."

எங்கள் வீடு மேலகரத்தில், குற்றாலம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே போகிற வரை ஆறு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தில் எனக்குக் குடலிறக்கம் என்று மனைவி சொல்லி வைத்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் என் அடிவயிற்றைப் பார்த்து அனுதாபப்பட்டார்கள். பக்கத்து மேசைப் பத்திர எழுத்தர் ஆப்பிளோடு வந்து, "உக்காந்து பேசும் வே, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீரு" என்று தோளைப் பிடித்து நாற்காலியில் அமுக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தாலும் வலித்தது. தும்மல் வந்தால் கடவுளைக் கூப்பிட்டேன். மனைவியின் நாப்கினை நான் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்கா சொன்னதை நான் கேட்கவில்லை. எது நடந்தாலும் அந்த ஒன்று மட்டும் நடக்கக் கூடாது என்ற பயம் எனக்கு. மூன்று நாள் இளநீரிலும் இரண்டு பிஸ்கட்டிலும் இருந்தேன். மனைவி கீரையும் பழமும் வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகும். படுக்கப் போகும் முன் குடிக்க வேண்டிய வெள்ளை மருந்தை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, குடித்த மாதிரி வாயைத் துடைத்துக்கொள்வேன். நாற்பத்து நாலு வயது ஆள். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவன்.

ஆறாம் நாள் மத்தியானம் கல்லாகவே ஆகிவிட்டது. முட்டிக்கொண்டு நிற்கிறது, வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. வியர்த்து, கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படியே மாடியிலிருந்து குதித்துவிட்டால் என்ன என்று நிஜமாகவே தோன்றியது. மனைவி அழுதுகொண்டே நர்சிங் ஹோமுக்கு போன் போட்டாள். டாக்டர் விவரம் கேட்டு, எனிமா கொடுக்கச் சொன்னார். போன் எப்படியோ அக்கா கைக்குப் போனது.

"என்ன சாப்பிட்டாரு? நெசத்தச் சொல்லச் சொல்லும்மா," என்ற சத்தம் எனக்கே கேட்டது.

நான் நிஜத்தைச் சொன்னேன். மருந்தைக் கொட்டியதையும் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

மூன்று மணிக்குச் சாரலில் நனைந்துகொண்டே அக்கா வந்து நின்றார். அவர் வீடு ஆய்க்குடி. டியூட்டி முடிந்து கிழக்கே போகிற பஸ்ஸில் ஏற வேண்டியவர், டாக்டர் கொடுத்துவிட்ட பொட்டலத்தோடு மேற்கே குற்றாலம் பஸ்ஸில், அருவிக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மருந்து கொடுத்துவிட்டுக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

நான் உள்ளே கத்தினேன். தெருவில் போகிற வேனில் குத்துப்பாட்டு போட்டிருந்ததால் பிழைத்தேன்.

"முக்காத தம்பி. வாயத் தொறந்து மூச்ச விடு," என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"முடியலக்கா. செத்துருவேன்."

"செத்துருவோம்னுதான் இருக்கும். இப்பம் இன்னும் ஒருக்கா வரும், இதவிடப் பெருசா. அதோட முடிஞ்சிரும்."

"யக்கா, முடியல."

"வருதா? வரட்டும். உயிர் போவாது. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் போனதில்ல."

அந்தப் பெரியது வந்தது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. பிறகு தரையில் கிடந்தேன். அவர் சொன்னபடியே அதோடு முடிந்தது. உயிர் போகவில்லை.

என்னைப் பேசினில் உட்காரவைத்து, துடைத்து, கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். நான் குழந்தை மாதிரி விம்மிக்கொண்டிருந்தேன். அக்கா தலைமாட்டில் நின்று, மனைவி கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "எப்படி இருந்துச்சா? கண்ணாடிச் சில்லு போட்ட மாதிரி இருந்துச்சு. உள்ள இருந்து அருவாளால கீறிக்கிட்டே வந்த மாதிரி இருந்துச்சு. இத எதிரிக்கும் குடுக்கப் பிடாதுக்கா. இப்படின்னு தெரிஞ்சிருந்தா ரத்தம் போனாப் போவட்டும்னு சும்மா இருந்திருப்பேன். ஆபரேஷன் செய்யுததுக்குச் சாவலாம்."

அக்கா காப்பி ஆற்றுவதை நிறுத்தினார். "அப்படியா," என்றார். "ரத்தமே தேவலையா?"

"ஆமா. ரத்தமே தேவல."

காப்பியைக் குடிக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். சாப்பிடு, மருந்தைக் கொட்டாதே என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிக்கொண்டே வந்தது. கீரை சாப்பிட்டேன். மருந்தைக் குடித்தேன். ஒவ்வொரு நாளும் வலி ஒரு பிடி குறைந்தது. ஒரு பக்கமாக உட்கார்ந்தேன், பிறகு தலையணையில், பிறகு தலையணை இல்லாமல். பதினாலாம் நாள் டாக்டரிடம் காட்டப் போனபோது வராந்தாவில் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன், உலகத்தையே ஜெயித்த மாதிரி. அக்கா வாளியோடு கடந்து போனார். மாடிப்படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தார். அந்த நிற்கிற நிலை எனக்குத் தெரியும். இரண்டு வாரம் நான் நின்ற நிலை அது.

நர்ஸிடம் கேட்டேன்.

"ஆயாம்மாவுக்கும் இருக்குல்லா சார், மூணு வருசமா," என்றாள் சாதாரணமாக. "டாக்டரும் ஒரு தடவ வந்து படுங்க, பாத்துருவோம், காசு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டே இருக்காரு. பிடி குடுக்க மாட்டேங்காங்க. வெளிய வந்து பேசுததெல்லாம் பெரிய பேச்சு. உள்ளுக்குள்ள அம்புட்டுப் பயம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எரியுதா, காந்துதா, எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டதெல்லாம் என்னை விசாரித்தது இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு கட்டிலாகப் போய் அவர் தனக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யாராவது ஒருவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்று. அப்படிச் சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருக்க மாட்டார். ஆனால் நான் சொன்னதை நம்பியிருப்பார்.

பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவரிடம் போனேன். "யக்கா, எனக்கு இப்பம் ஒண்ணுமே இல்ல பாத்துக்கிடுங்க. சுத்தமா சரியாயிட்டு. நீங்களும் செஞ்சிருங்க."

"அன்னைக்கு வேற சொன்ன."

"அது வலியில சொன்னதுக்கா."

"வலியில சொன்னதுதான் தம்பி நெசம். வலி போனப்பொறம் எல்லாவனும் நல்லதாத்தான் சொல்லுவான்." துணியைப் பிழிந்து உதறினார். "எனக்கு ஒண்ணுமில்ல. சூடுதான். வாரத்துக்கு ஒருநாள் பழைய அருவியில போய் நிக்கேன். பொம்பளைக பக்கம் ஓரமா. அங்கன நின்னா ஒண்ணும் தெரியாது. தண்ணியோட தண்ணியாப் போயிரும். ஒருத்தியும் பாக்க மாட்டா."

ஊரார் பிணியையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்கிறவர், தன் ரத்தத்தை அருவியில் விட்டு ஒளித்துக்கொண்டிருந்தார். ஐந்தருவிக்கு ஓடின பாயாவது அன்று சாயங்காலமே திரும்பிவிட்டார். இவர் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் வந்து பேசி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். என் மனைவியும் சொன்னாள், அவங்கள விட்டுராதீங்க என்று. ஆவணி பிறந்தது. முகூர்த்த நாட்களில் பதிவு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். உண்மையைச் சொன்னால், நன்றாக உட்கார முடிந்ததும் நான் அவரை மறந்துவிட்டேன். இதற்கு வேறு காரணம் எழுதினால் அது பொய்.

பங்குனியில் ஒரு மத்தியானம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் மேசைக்கு முன்னால் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்து, இரண்டு நிமிடம் கழித்துத்தான் அடையாளம் தெரிந்தது. அதே நீலச் சேலை. அதற்குள் பாதி ஆள்தான் இருந்தார்.

"ஆய்க்குடி வீட்ட மக பேருக்கு மாத்தணும் தம்பி. நீ எழுதுவன்னு தெரியும், அதான் இங்கனயே வந்தேன். மக ஆதார நகல் எடுக்கப் போயிருக்கா. அவ வரதுக்குள்ள ஆரம்பிச்சிரு."

"உக்காருங்கக்கா," என்று நாற்காலியை இழுத்தேன்.

"நிக்கேன்."

நான் கேட்கும் முன் அவரே சொன்னார், வழக்கம்போல நேராக. "தை மாசம் வார்டுலயே விழுந்துட்டேன். அப்பந்தான் டாக்டர் பாத்தாரு. மூலமே இல்லயாம். குடலுக்குள்ள கட்டியாம். இத்தன வருசமா அதுதான் ரத்தமாப் போயிருக்கு. மூலம்னே நெனச்சிருந்தேன் பாத்துக்கோ. முந்தியே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்னாவ. இப்பம் ஈரல் வரைக்கும் போயிட்டாம். நாளைக்குத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில அட்மிட்டு."

முந்தியே என்றால் எப்போது என்று நான் மனதில் கணக்குப் போட்டேன். ஆடிக்கும் தைக்கும் இடையில் எத்தனை மாதம் என்று விரல் விட்டேன். என் வீட்டு ஜன்னலில் ஆறிப் போன காப்பி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"யக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எத?"

"ரத்தமே தேவலன்னு சொன்னது."

"நீ சொல்லாட்டாலும் நான் படுத்திருக்க மாட்டேன்லே. விடு."

வீட்டுப் பிள்ளையைப் போல என்னை லே போட்டு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய்யும் அதுவாக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

நான் கம்ப்யூட்டரில் பெயரை அடித்தேன். தகப்பனார் பெயர் கேட்டு அடித்தேன். நான்கு எல்லை கேட்டேன். வடக்கே வாய்க்கால், கிழக்கே முடுக்குச் சந்து என்று நின்றபடியே சொன்னார். நடுவில் நிறுத்திவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தார். பிறகு கேட்டார்.

"ஆஸ்பத்திரியில எல்லாரும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுதாவ. மகளும் அதத்தான் சொல்லுதா. நீ படுத்து எந்திச்சவன். நீ சொல்லு. வலிக்குமா?"

எவ்வளவோ பத்திரத்தில் இந்தச் சொத்தில் எந்த வில்லங்கமும் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மாதிரி ஒரு வரி என் வாயில் வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"வலிக்கும்க்கா," என்றேன்.

"ம்."

"உயிர் போற மாதிரி இருக்கும்."

அவர் காத்திருந்தார். அடுத்து என்ன வர வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு அவர் அதை எத்தனை தடவை சொன்னார். எதிரே அலுவலகத்தில் யாருடைய டோக்கன் நம்பரையோ கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"சரி," என்றார் அக்கா, மெதுவாகத் தலையை ஆட்டி. "வராததச் சொல்லாண்டாம். நீயாவது சொல்லாம இருந்தியே." சேலை முந்தியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தெக்க எல்லைய இன்னும் சொல்லலல்லா. தெக்க எங்க கொழுந்தன் வீடு. போட்டுக்கோ. நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும்."

நான் எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். விசைப்பலகையை மேசை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டேன். அந்தப் பத்திரத்தை முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டேதான் அடித்தேன்.